சீவிடு கேட்காத ஸ்பீக்கர்

போன திங்கட்கிழமை காலையில் அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது புது ரப்பரும் பசையும் மரத்தூளும் கலந்த மணம் எழுந்து முகத்தில் அடித்தது. உள்ளே இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ஒரு செங்கல்லை நிறுத்தி வைத்தால் என்ன உயரமோ அவ்வளவுதான். முதல் வேலையாக நான் செய்தது, ஒன்றை எடுத்து முன்பக்கத் துணியில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. செய்த பிறகுதான் அது உன் பழக்கம் என்பது நினைவுக்கு வந்தது. "கேக்கதுக்கு முன்ன மணத்துப் பாக்கணும் மக்கா. நல்ல பெட்டிக்கு நல்ல மணம் உண்டு" என்பாய். மணத்துக்கும் ஒலிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற தோரணையில், எத்தனையோ தடவை உன்னிடம் வாதாடியிருக்கிறேன். இப்போது வாதாட ஆளில்லாத அறையில் நின்று மோந்துகொண்டிருந்தேன்.

நாம் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அதில் கடைசி ஒரு வருடம் நீ உயிரோடு இல்லை. மற்ற எட்டு வருடத்துக்கும் என்னிடம் காரணம் இருந்தது, இன்னும் இருக்கிறது. சமாதானம் பேசுவதற்காக இதை எழுதவில்லை. பயந்துபோய் எழுதுகிறேன். இந்தப் பயம் இன்னதென்று சொன்னால் உடனே புரிந்துகொள்ளக்கூடிய ஆள் இந்த மாவட்டத்திலேயே நீ ஒருத்தன்தான் இருந்தாய்.

மூன்று வாரத்துக்கு முன்பு உன் மனைவி ஸ்டெல்லா போன் செய்தாள். எண்ணைப் பார்த்ததும் எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். உன் அடக்கத்துக்கு வந்த நான் கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் கேட்டுக்கு வெளியே நின்றேன். உள்ளே போகும்போது ஸ்டெல்லா என்னைக் கடந்து போனாள். முகத்தைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் என் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன்.

"அண்ணே, அடுத்த மாசம் அவங்களுக்கு ஓராண்டுப் பூசை வருது. வீட்டுல நாலு பேரு கூடுவோம். அவங்க பியானோ வாசிச்சதைப் போடணும்னு ஆசை."

"உங்கிட்ட ஒரு சிடி உண்டே."

"அது நீங்க வெளிச் சத்தத்தைக் கழிச்சுக் கொடுத்தது. எனக்குக் கழிக்காதது வேணும். சன்னலைத் திறந்துபோட்டு வாசிச்சாங்கல்லா, அது. உங்க கிட்ட இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னேன். ஹார்டு டிஸ்கில், ஒன்பது வருடமாகத் தொடாத ஒரு கோப்பில். கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. என் பழைய ஸ்பீக்கர்களின் ரப்பர் விளிம்பு உப்புக்காற்றில் உதிர்ந்து, தொட்டால் கருப்பாக விரலில் ஒட்டியது. அதனால்தான் இந்தப் புது ஸ்பீக்கர்கள். காரியம் இவ்வளவு சின்னதாகத்தான் தொடங்கியது.

உன் பியானோ வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். செமினாரியில் சேர்ந்து, சாமியார் ஆகாமல் பியானோ மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வந்து, பதினோரு வருடம் வளைகுடா ஓட்டல் ஒன்றின் வரவேற்பறையில் சாப்பிடுகிறவர்களின் முதுகைப் பார்த்து வாசித்தவன் நீ. திரும்பி வந்ததும் முதலில் வாங்கியது பியானோ. மலைமேல் மூடப்பட்ட ஏதோ ஒரு பள்ளியில் கிடந்தது. அதைக் கொண்டுவர உன் அண்ணனின் மீன் வண்டியை அனுப்பினாய். குளச்சலில் வண்டியின் பின்கதவைத் திறந்தபோது ஐஸ் தண்ணீரும் மீன்கவுச்சியும் வழிய, பச்சை போர்வை போர்த்தி உள்ளே நின்றது அது. மீன் ஏலக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இது என்ன சுறாடே, பல்லு இவ்வளவு வெள்ளையா இருக்கு?" என்றார். நீதான் அதிகமாகச் சிரித்தாய்.

இரண்டு மழைக்காலத்தில் கம்பிகளில் துரு ஏறியது. கடல் உன் வீட்டு வாசலில் இருந்து நூறு அடி. பரம்பரை பரம்பரையாகக் கடலைப் பார்த்துக் கதவு வைத்த குடும்பம் உங்களுடையது. நீ ஒருவன்தான் பியானோவுக்குக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, நாலு கிலோமீட்டர் உள்ளே தென்னந்தோப்பு நடுவில் இடம் வாங்கி வீடு கட்டினாய். ஊர் முழுக்கச் சிரித்தது. "ஏலே, கடக்காத்து மனுசனையே தின்னுது, கம்பியை விடுமா?" என்று நீ பதில் சொன்னாய். அப்புறமும் நம்பிக்கை இல்லாமல் பியானோவின் வயிற்றுக்குள் ஒரு ஜீரோ வாட் பல்பைத் தொங்கவிட்டு, ஈரம் ஏறாமல் இருக்க இரவும் பகலும் எரியவிட்டாய். கீழ்ப்பலகையின் இடுக்கு வழியாக மஞ்சள் வெளிச்சம் கசியும். கரண்ட் போனால் முதலில் நீ பார்க்க ஓடுவது அதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் கோட்டாறில் இருந்து பேருந்து ஏறி உன் வீட்டுக்கு வருவேன். நீ வாசிப்பாய். களைத்தால் உன் சின்ன ஸ்பீக்கர்களில் மற்றவர்கள் வாசித்ததைக் கேட்போம். "பெட்டியைச் சுவரோட ஒட்டாதே, சுவரு பாடத் தொடங்கிரும்" என்று சொல்லி இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூலில் நடு அறையில் நிறுத்துவாய். டைல்ஸ் தரை எதிரொலிக்கிறது என்று ஸ்டெல்லாவின் கயிற்றுப்பாயைக் கொண்டுவந்து விரிப்பாய். ஸ்பீக்கர்கள் இரண்டும் நானும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகள்; என் மூலையைத் தரையில் சாக்பீஸால் குறித்து வைத்திருந்தாய்.

ஒருநாள் நான் உனக்கு ஒரு விஷயம் சொன்னேன். பியானோவின் இடது ஓரத்துக் கட்டைகளின் ஆழமான ஒலியை ஐந்து அங்குல ஸ்பீக்கரால் தரவே முடியாது. அந்தச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகளைக் கேட்டு, இல்லாத அடிச்சுரத்தைக் காது தானே இட்டு நிரப்பிக்கொள்கிறது என்று. அதற்கு நீ, "அப்போ நம்ம செவி நல்ல மனுசன் கேட்டியா. இல்லாததை உண்டுன்னு சொல்லித் தேற்றுது" என்றாய். வகுப்பில் அதை இன்றுவரை உன் சொற்களிலேயே சொல்லிக்கொடுக்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல்.

பதிவு செய்த நாள் ஒரு ஆனி மாதத்துப் பிற்பகல். மழை விட்டு ஒரு மணி நேரம். வானம் மூடிக் கிடந்ததால் மூன்று மணிக்கே தோப்பில் சீவிடு கத்தத் தொடங்கிவிட்டது. வெளியூர்க்காரர்கள் அதைச் சில்வண்டு என்பார்கள். நான் இரண்டு மைக்கையும் நிறுத்தி, ஹெட்போனை மாட்டியதும் பியானோவுக்குப் பின்னால் ஒரு கம்பியை நீளமாக இழுப்பதுபோல அந்த ஒலி கேட்டது. சன்னலை மூடச் சொன்னேன். ஸ்டெல்லா எழுந்துபோய்க் கொண்டியில் கை வைத்தாள்.

"ஏட்டி, சாத்தாதே" என்றாய் நீ. "புழுக்கத்துல வேவுது. அதுவளும் தங்களுக்க பாட்டுக்காரன் வந்திருக்கான்னு நினைச்சுக் கத்துதுவ. கத்தட்டும்."

"பதிவு கெட்டுப்போகும்" என்றேன்.

"சீவிடு இல்லாம எனக்க வீடு ஏதுடே? வாசிக்கது வீட்டுலயில்லா."

நாற்பது நிமிடம் வாசித்தாய். செமினாரியில் படித்த பழைய ஐரோப்பிய இசை இரண்டு. பிறகு நம் பூசைப் பாட்டுகளை வார்த்தை இல்லாமல், மெதுவாக, ஒவ்வொரு சுரமும் அடங்கும்வரை காத்திருந்து. அந்த இடைவெளிகளில் எல்லாம் சீவிடு.

வீட்டுக்குப் போய் நான் அதை வெட்டினேன். கணினியில், சீவிடு கத்துகிற சுருதியில் இருந்து மேலே உள்ள ஒலியை எல்லாம் வழித்து எடுத்தேன். எனக்கு அது சுத்தமாக இருந்தது. பெருமையாக சிடியில் போட்டுக்கொண்டு வந்தேன். அன்று உன் வீட்டில் பாட்டுக்குழு ஆட்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். நீ கேட்டாய். இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தினாய்.

"சீவிடை மட்டுமா கொன்னே? எனக்க மேல்கட்டை மொத்தத்தையும் கொன்னுட்டேயில்லா. போர்வைக்குள்ள இருந்து வாசிக்க மாதிரி இருக்கு." பிறகு என்னை உற்றுப் பார்த்தாய். "மக்கா, உனக்கு இது தெரியல்லியா? உனக்கு மேல உள்ளது கேக்கல. உனக்க செவியைக் கொண்டுபோய் டாக்டருக்கிட்ட காட்டு."

ஆறேழு பேர் முன்னால் சொன்னாய். அதில் ஒருவர் சிரித்தார். கல்லூரியில் என்னைவிட ஆறு வருடம் இளையவனை அந்த மாதம்தான் துறைத்தலைவர் ஆக்கியிருந்தார்கள். ஒலியியல் படித்தவன் நான். என் காதைப் பற்றி ஓட்டலில் வாசித்தவன் எனக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அந்த நினைப்பு அசிங்கமானது, தெரியும். ஆனால் நீ அதை எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லியிருக்கலாம். அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

இனி இந்த ஸ்பீக்கர்களைப் பற்றி.

கோட்டாறில் அபூபக்கர் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். மாடியில் ஒரு சின்ன அறை, கேட்டுப் பார்த்து வாங்கலாம். இரண்டு ஜோடிகளை எடுத்து வைத்தார். இரண்டும் ஒரே அளவு. ஒரே பியானோ இசையை மாற்றி மாற்றிப் போட்டார்.

"சாரே, செறிய பெட்டியில யானை பிளிறாது. அதை எதிர்பாக்காதீங்க. சுத்தியல் கம்பியில தட்டுது பாருங்க, அந்தத் தட்டைக் கேளுங்க. அது நேரா இருந்தா பெட்டி நல்ல பெட்டி."

முதல் ஜோடியில் எல்லாம் மந்தமாக இருந்தது. இரண்டாவது ஜோடியில் தட்டு தெளிவாக விழுந்தது. இதுதான் என்றேன். அபூபக்கர் முகத்தைச் சுளித்தார்.

"இது செவியைக் குத்தும் சாரே. பத்து நிமிசம் கேட்டா தலை வலிக்கும். பியானோ கேக்கவங்களுக்கு நான் மத்ததைத்தான் கொடுப்பேன்."

விற்காமல் கிடக்கிற ஜோடியை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் மேலும் ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். படியிறங்கும்போதுதான், எதற்குத் தலையாட்டினோம் என்று எனக்கே தெரியாதது உறைத்தது. அதை அப்போதே உதறித் தள்ளினேன்.

திங்கட்கிழமை, மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போன பிறகு, நீ வைத்தபடியே ஸ்பீக்கர்களைச் சுவரைவிட்டுத் தள்ளி ஸ்டூலில் வைத்தேன். பாய் விரித்தேன். மூன்றாவது மூலையில் உட்கார்ந்தேன். வெட்டாத பதிவைப் போட்டேன்.

உன் கை எடுத்த எடுப்பிலேயே தெரிந்தது. ஆட்டக்காரன் மேடை ஏறும் முன் கைவிரல் சொடுக்குவதுபோல நீ தொடையில் இரண்டு தட்டுத் தட்டுவாயே, அது கூட இருந்தது. பிறகு முதல் சுரம். உன் ஸ்டூல் கிரீச்சிட்டது. பியானோ எனக்கு முன்னால் நின்றது. நான் அழவில்லை, ஆனால் அபூபக்கரை வென்றுவிட்ட சந்தோஷம் வந்தது. எவ்வளவு சுத்தம்! உன் சுரம் அடங்கியதும் அதன் பின்னால் வெறும் அமைதி, கிணற்றுத் தண்ணீர்போல. சீவிடு இல்லை. நல்ல ஸ்பீக்கர் என்றால் இதுதான், தேவை இல்லாத சத்தத்தை எல்லாம் விலக்கி இசையை மட்டும் கொடுக்கிறது என்று நினைத்தேன். இதைப் போய் அபூபக்கரிடம் சொல்ல வேண்டும் என்று கூட நினைத்தேன்.

ஏழு நிமிடம் இந்த முட்டாள்தனத்தோடு இருந்தேன். முப்பது வருடம் ஒலியியல் நடத்தியவன்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. எந்த ஸ்பீக்கரும் சீவிடை மட்டும் பிடித்து வெளியே நிறுத்தாது. பதிவில் இருப்பது ஸ்பீக்கரில் வரும். வரவில்லை என்றால் இரண்டே காரணம். ஒன்று, ஒன்பது வருடத்துக்கு முன்பு கோபத்தில் ஏதோ தவறு செய்து, வெட்டிய பதிவையே மூலத்தின் மேல் எழுதிவிட்டேன். கழிக்காத பதிவு உலகத்திலேயே இல்லை. இரண்டு, அது இருக்கிறது. கேட்க எனக்குத்தான் காது இல்லை.

எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லா கேட்ட ஒரே பொருளை நான் அழித்துவிட்டதாக இருக்கட்டும் என்று என் மனம் வேண்டியது. அதை உன்னிடம் மறைக்க முடியாது. என் காது பிழைப்பதற்காக உன்னை அழித்துவிடத் தயாராக இருந்தேன்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பாய். என் அப்பாவை உனக்குத் தெரியும். அவருக்குக் காது போன வருடங்களில் நீ வளைகுடாவில் இருந்தாய். முதலில் நாங்கள் சத்தமாகப் பேசினோம். பிறகு அலுத்துப்போய்ப் பேசுவதைக் குறைத்தோம். அப்புறம் அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசினோம். என் தங்கையின் கல்யாணம் நிச்சயமானது அவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். யாரும் சொல்லவில்லை, எல்லாரும் யாரோ சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டோம். அவர் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டக் கற்றுக்கொண்டார். சாவு வீட்டில் ஒருமுறை சிரித்துத் தலையாட்டினார். அன்று அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்து திட்டியவன் நான்.

அபூபக்கரின் கடையில் நான் ஆட்டியது அப்பாவின் தலை.

இன்னொரு பயம் அதற்கும் பின்னால் நின்றது. துறைக்கூட்டத்தில் என்னிடம் யோசனை கேட்கவே இல்லை என்று ஒரு கோபம். பக்கத்து வீட்டுக்காரர் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று ஒரு கோபம். கடைசி பெஞ்சில் என்னைப் பற்றிக் குசுகுசுக்கிறார்கள் என்று ஒரு கோபம். எனக்கு என் கோபங்கள் தேதி வாரியாக நினைவிருக்கும், அதில் நான் கெட்டிக்காரன். அவற்றில் எத்தனை, யாரோ மெதுவாகச் சொல்லி என் காதில் விழாமல் போனவை? கேட்டார்களா? பதில் சொன்னார்களா? எத்தனை வருடமாக? ஒரு மனிதன் தன் கசப்பையாவது நம்பலாம் என்று இருந்தேன். அதுவும் ஆடியது.

கண்டுபிடிக்க வழி சுலபம். ஒலியைப் படமாக விரித்துக் காட்டும் மென்பொருள் என் கணினியிலேயே இருக்கிறது. மாணவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுகிறவன் நான். சீவிடு இருந்தால் மேலே ஒரு கோடு ஒளிரும். ஒரு சொடுக்கு. இரண்டு நாள் அந்தச் சொடுக்கைச் செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை, மனைவியை அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாட்டைப் போட்டேன். அவள் வாயைத் திறக்கும் முன்பே நிறுத்திவிட்டேன்.

"என்ன, நிறுத்திட்டீங்க?"

"வோல்டேஜ் சரியில்ல."

"நல்லாத்தானே எரியுது லைட்டு." என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு எழுந்துபோனாள். டிவி சத்தத்தைக் குறை என்று அவள் சொல்லும்போதெல்லாம், நீதான் முனகுகிறாய் என்று கத்தியிருக்கிறேன். அவளிடம் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் துண்டில் சுற்றிப் பையில் போட்டு, திங்கள்சந்தை வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். ஓராண்டுக்கு எந்த அறையில் வைப்பது என்று பார்க்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பை மடியில் இருந்தது. கண்டக்டர் வந்து நின்று வாயசைத்தார். என்ஜின் இரைச்சலில் ஒன்றும் விழவில்லை. என் தலை ஆடத் தொடங்கியது. கழுத்தை இறுக்கி நிறுத்தினேன்.

"கேக்கல. என்ன சொன்னீங்க?"

"ஆட்டுக்குட்டியாண்ணு கேட்டேன் சாரே. மடியில வச்சுத் தடவிக்கிட்டே வாறீங்களே, அதான்."

பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான் தடவுவதை நிறுத்தினேன்.

ஸ்டெல்லா வாசலுக்கு வந்தாள். நரைத்திருக்கிறாள். "வாங்கண்ணே. வெள்ளம் குடிக்கியளா?" என்றாள். பியானோவின் மேல் உன் படம். கீழ்ப்பலகையின் இடுக்கில் அந்த மஞ்சள் வெளிச்சம் இருந்தது.

"இன்னும் எரியவிடுகியா?"

"அணைக்க மனசு வரல. யாரு வாசிக்கப் போறா, கரண்ட் பில்லுதான்."

தரையில் சாக்பீஸ் குறி இல்லை. ஆனால் இடம் எனக்குத் தெரியும். ஸ்டூல்களைப் போட்டேன், ஸ்டெல்லா கேட்காமலேயே பாயை எடுத்து வந்தாள். மூன்றாவது மூலையில் அவளை உட்காரச் சொன்னேன். நான் சுவரோரம் நின்றேன். சன்னல் திறந்திருந்தது. வெளியே தூறல் விட்டுப் பிற்பகல் வெளிச்சம் மங்கியிருந்தது. கழிக்காதது என்று நான் நம்புகிற அதைப் போட்டேன்.

தொடையில் இரண்டு தட்டு. முதல் சுரம். ஸ்டெல்லா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்த்தேன். வேறு எங்கேயும் பார்க்க முடியவில்லை. நீ இரண்டாவது பாட்டின் நடுவில் கையை எடுத்துக் காத்திருக்கிற இடம் வந்தது. எனக்கு அங்கே கிணற்றுத் தண்ணீர்.

ஸ்டெல்லா எழுந்தாள். நேராகச் சன்னலுக்குப் போனாள். கொண்டியில் கை வைத்தாள்.

அப்படியே நின்றாள். தலையை வெளியே நீட்டிக் கேட்டாள். பிறகு உள்ளே திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தாள்.

"அண்ணே... இது வெளிய இல்ல. இதுக்குள்ளதான் கத்துது."

சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். நீ அழியவில்லை. முழுதாக இருக்கிறாய், சீவிடோடு. அந்த நிம்மதியும் இந்தக் கிலியும் ஒரே நொடியில் வந்தன; பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"நல்லா கேக்குதா?"

"பின்னே? அன்னைக்கு மாதிரியே. ஏன், உங்களுக்கு..."

"எனக்குக் கேக்கல ஸ்டெல்லா."

அதைச் சொல்ல ஒன்பது வருடம் பிடித்தது. அவள் பாட்டை நிறுத்தவில்லை. எனக்கு எதிரே பாயில் வந்து உட்கார்ந்தாள். சற்று உரக்க, உதடு தெரியும்படி பேசினாள். அதற்குள் அது எப்படித் தெரிந்தது அவளுக்கு?

"அவங்க சொல்லுவாங்க. எல்லாரு முன்னயும் சொல்லிட்டேன், தப்புதான், ஆனா போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கான்னு. அப்புறம் அவங்களுக்கும் வீம்பு. கல்லறைத் தோட்டத்துல கூட உங்களைத் தாண்டிப் போகையில உள்ள வாங்கண்ணேன்னு கூப்பிட்டேன். நீங்க திரும்பிப் பாக்காமப் போனிய."

முகத்தைப் பார்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை என்று நான் எழுதி வைத்த இடம் அது.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு சொல்லட்டா? பெட்டி கொஞ்சம் குத்துது. மேல்கட்டை ஊசி மாதிரி இருக்கு. அவங்க இப்படி வாசிக்க மாட்டாங்க" என்றாள். அபூபக்கர் சொன்ன அதே வார்த்தை.

சனிக்கிழமை அவளையே கோட்டாறுக்கு வரச் சொன்னேன். மாடி அறையில் நடு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். உன் பதிவையே போட்டோம். நான் மந்தம் என்று ஒதுக்கிய முதல் ஜோடியில் அவள் கண்ணை மூடினாள். "இதுதான். இதுல அவங்க கை இருக்கு. சீவிடும் தள்ளி நிக்குது, தோப்புல நிக்க மாதிரி" என்றாள். அபூபக்கர் என்னைப் பார்த்து மெல்ல ஏதோ சொன்னார். நான் தலையாட்டவில்லை. "கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க, எனக்குக் காது மந்தம்" என்றேன். அவர் பதறிப்போய், "ஒண்ணுமில்ல சாரே, சாயா சொல்லட்டான்னு கேட்டேன்" என்றார்.

முதலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் தேர்ந்தெடுத்த ஜோடியையே வாங்கினேன். ஓராண்டு அன்று அது உன் வீட்டுக்குப் போகும். அதன் பிறகு நீங்களே வச்சுக்கிடுங்க என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். என் காதுக்கு அது போர்வைக்குள் வாசிப்பதுபோலத்தான் இருக்கிறது. நான் வெட்டிக் கொடுத்தபோது நீ கேட்டது இதைத்தான் போலும். கீழே இல்லாததைக் காது இட்டு நிரப்பும் என்று உனக்குச் சொன்னேனே, மேலே போனதை எதுவும் நிரப்பித் தருவதில்லை. அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

புதன்கிழமை காது டாக்டரிடம் போகிறேன். மனைவியும் வருகிறாள், அவளிடம் நேற்றுத்தான் சொன்னேன். "இதைச் சொல்லவா இத்தனை கத்து கத்தினீங்க" என்றாள். எவ்வளவு போயிருக்கிறது, இன்னும் எவ்வளவு போகும் என்று டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டுவார். அந்தக் கோடு எங்கே விழத் தொடங்குகிறது என்பதுதான் என் பயம். சீவிடுக்கு அடுத்து உன் மேல்கட்டைகள். அதற்கும் அடுத்து மனிதக் குரல்.

இன்றைக்கும் மூன்றாவது மூலையில் உட்கார்ந்து கேட்டேன். நீ சுரத்தைப் போட்டுவிட்டுக் கையை எடுக்கிற இடங்கள் எனக்கு இப்போது மனப்பாடம். அங்கே சீவிடு கத்துகிறது, எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. ஆனாலும் நான் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறேன். நீ அடுத்த சுரத்தைத் தொடும்வரை, சாத்தாதே என்று நீ சொன்ன அந்தச் சன்னல் திறந்திருக்கிறது.